கடைசி ராத்திரியின் நீளம்

கெடு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. தவணையின் எல்லை ஒன்று. நாசமாய்ப் போ என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்த முன்னோர் யாரோ மாறுவேடப் போட்டிக்கு அட்டைக் கிரீடம் செய்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் துணிபு. தெர்மோகோல் கதாயுதம், ஜிகினா ஒட்டிய வாள், பஞ்சுத் தாடி என்று பொழுதுபோக்காக வேடப் பொருள் செய்கிறவர்கள் கடைசி ராத்திரி கண் விழிப்பது ஊரறிந்த சங்கதி. நேரம் போதாததால் விழிக்கிறார்கள் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையை மறுப்பதே இந்த ஆய்வின் நோக்கம். கடைசி ராத்திரி ஒரு மாறிலி. மூன்று நாள் கொடுத்தாலும் முந்நூறு நாள் கொடுத்தாலும் அதன் நீளம் ஒரு நிமிடம்கூடக் குறைவதில்லை. இருக்கிற நேரம் முழுவதையும் வேலை அடைத்துக்கொள்ளும் என்று பார்க்கின்சன் என்பவர் 1955இல் எழுதினார். அவர் பார்த்தது அரசாங்க அலுவலகங்களை. அட்டை வெட்டுகிறவர்களைப் பார்த்திருந்தால், வேலை எதையும் அடைத்துக்கொள்வதில்லை, கடைசி நாள் வரும்வரை மூலையில் குந்திக் காத்திருக்கிறது என்று திருத்தி எழுதியிருப்பார்.

இந்த விதியைச் சோதிக்கக் கொல்கத்தாவைவிட நல்ல கூடம் கிடையாது. குளிர்காலத்தில் பள்ளிகளிலும் பேட்டை கிளப்புகளிலும் விளையாட்டு விழா நடந்தால் ‘ஜேமோன் குஷி ஷாஜோ’ என்று ஒரு போட்டி இருக்கும்; இஷ்டம்போல் வேஷம் கட்டலாம். ஆனால் அது சில்லறை. மொத்த வியாபாரம் துர்கா பூஜையில். பந்தல்காரர்களும் சிற்பிகளும் கூலிக்கு வேலை செய்தாலும், பூஜையை நடத்துவது பேட்டைக்காரர்கள். ஆபீஸ் முடிந்து வந்து சிங்கத்தின் பிடரிக்கு எந்த மஞ்சள் என்று சண்டை போடுகிற அமெச்சூர்கள். இவர்களில் ஒருவரும் தேதி தெரியாது என்று சொல்ல முடியாது. பஞ்சாங்கம் இருக்கிறது. போதாதற்கு, விசர்ஜனத்தன்று ஆற்றங்கரையில் நின்று ‘அடுத்த வருஷம் மறுபடி நடக்கும்’ என்று அவர்களே கத்துகிறார்கள். ரத யாத்திரையன்று சிலையின் மரச் சட்டத்துக்குப் பூஜை போடுகிறார்கள்; பல இடங்களில் பந்தக்காலும் அதையொட்டி நட்டாகிவிடும். மகாலயத்தன்று தேவிக்குக் கண் திறக்கிறார்கள். அன்று விடிகாலை 4 மணிக்கு வானொலியில் தேவி துதி ஓதும் பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் பதிவுக் குரல் ஊரையே எழுப்புகிறது. இதைவிட முறையான அலாரம் உலகில் எந்தத் தொழிலுக்கும் வாய்க்கவில்லை. அப்படியும் பூஜை தொடங்கும் சஷ்டிக்கு முந்தின பஞ்சமி ராத்திரி சாரத்தின் மேல் ஆள் நிற்கிறது.

வேதனை என்னவென்றால், விதிக்குச் சாஸ்திர ஆதாரமே உண்டு. தேவி மாகாத்மியத்தின்படி தேவர்களும் அசுரர்களும் முழுதாக 100 வருஷம் சண்டை போட்டார்கள். அந்த நூறு வருஷத்தில் தேவிக்கு ஓர் ஆயுதம் செய்து வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோற்று, சொர்க்கத்தை இழந்து, தேவி எதிரே வந்து நின்ற பிறகுதான் சிவன் தன் சூலத்திலிருந்து இன்னொரு சூலத்தை உருவினார். விஷ்ணு தன் சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரம். வேடப் பொருளுக்கு நகல் எடுத்த முதல் நிகழ்ச்சியாக இதைக் கொள்கிறேன். அந்தக் கூட்டத்தில் விசுவகர்மா ஒருவர்தான் தொழில்காரர். அவரும் கோடரியையும் கவசத்தையும் அன்றைக்குத்தான் கொண்டுவந்தார். அடுத்த சான்று கிருத்திவாசரின் வங்காள ராமாயணம். வசந்த காலத்துக்குரிய பூஜையை ராமர் இலையுதிர் காலத்துக்கு இழுத்துவந்து செய்கிறார். கெடுவை முன்னால் தள்ளிய குற்றம் அவருடையது. 108 நீலத் தாமரை வேண்டும். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. குறைந்ததற்கு ஈடாகத் தன் கண்ணையே பெயர்க்கத் துணிகிறார். கம்பர் இந்தப் பக்கமே போகவில்லை என்பதால் தமிழர்களுக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காமல் போயிற்று. கடைசி நேரத்தில் குறைவது எப்போதும் ஒன்றுதான், அது எப்போதும் சின்னப் பொருள்தான் என்பதை வங்காளிகள் இதிலிருந்து அறிந்திருக்கிறார்கள். அறிந்தும் பயனில்லை.

சாஸ்திரம் செல்லாது, சோதனை வேண்டும் என்பவர்களுக்கு 2020. அந்த வருஷம் ஆசுவின மாசக் கணக்கில் அதிக மாசம் குறுக்கே விழுந்தது. வழக்கமாக மகாலயத்துக்கும் சஷ்டிக்கும் நடுவே ஒரு வாரம்கூட இருக்காது. அந்த வருஷமோ மகாலயம் செப்டம்பர் 17, சஷ்டி அக்டோபர் 22. வானமே பார்த்துக் கொடுத்த ஒரு மாச வாய்தா! நேரமின்மைதான் காரணம் என்றால் ஊர் முழுக்கப் பந்தலைக் கட்டி முடித்துவிட்டுத் தூங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. கொரோனா காலமானதால் கல்கத்தா உயர் நீதிமன்றம் அக்டோபர் 19 அன்று எல்லாப் பந்தல்களையும் மக்கள் நுழையக் கூடாத இடமாக அறிவித்தது. சின்னப் பந்தலுக்கு 5 மீட்டர், பெரியதற்கு 10 மீட்டர் தள்ளித் தடுப்பு. 21ஆம் தேதி, அதாவது சஷ்டிக்கு முந்தின நாள், தாக் மேளக்காரர்களை உள்ளே விடலாம் என்று திருத்தம் வந்தது. சுகாதாரக் காரணங்கள் தனி. விதியின் கோணத்தில் பார்த்தால், வேலையை முடித்துவிட்டவனையும் தேடி வந்து கடைசி ராத்திரி தன் பங்கை வசூலித்துக்கொண்டது.

தொழில்காரர்கள் மட்டும் எப்படி முன்கூட்டியே முடிக்கிறார்கள் என்று கேட்கலாம். கொல்கத்தாவின் சிற்பிகள் பேட்டையான குமார்துலியிலிருந்து வெளிநாட்டு வங்காளிகளுக்குப் போகும் ஃபைபர் சிலைகள் பூஜைக்குப் பல மாதம் முன்பே கப்பல் ஏறிவிடுகின்றன. உண்மைதான். ஆனால் அங்கே கெடு கப்பல் தேதி. சஷ்டியைத் தூக்கித் துறைமுகத்தில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. மழையில் களிமண் காயாது என்பது இன்னொரு வாதம். மண் காயாதபோது சிற்பிகள் மின்விசிறியையும் தீச்சுடரையும் காட்டிக் காயவைக்கிறார்கள். அதிலும், தெர்மோகோல் காயவேண்டிய பொருளே அல்லவே? அதற்கு ஏன் ராத்திரி இரண்டு மணி?

இங்கேதான் காரணம் இருக்கிறது. தொழில்காரருக்கு அடுத்த ஆர்டர் வாசலில் நிற்கிறது. அது வந்து ‘போதும்’ என்று சொல்லிவிடும். பொழுதுபோக்குக்காரருக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. கிரீடத்தில் இன்னொரு கல் வைக்கலாம். வைத்த கல்லை எடுக்கவும் செய்யலாம். வேலைக்கு எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும், ‘போதும்’ என்ற ஒரு சொல்லுக்கு மனித மனத்துக்குச் சரியாக ஒரு ராத்திரி பிடிக்கிறது. அதுவரை ஆசை அடங்குவதில்லை. தெர்மோகோல் கிரீடம் வெள்ளையாக நன்றாகத்தான் இருக்கும். தங்க ஸ்பிரே அடித்தால் இன்னும் எடுக்கும் என்று ஒருவருக்குத் தோன்றும். அடித்ததும் மெல்லிய சீறலோடு தெர்மோகோல் கரைந்து, அம்மைத் தழும்பு முகம்போலக் குழி குழியாக உள்வாங்கும். முந்தின நாளே ஒரு துண்டில் அடித்துப் பார்த்திருக்கலாமே என்பவர், முந்தின நாள் அந்த ஆசை பிறக்காது என்பதை மறந்துவிடுகிறார். பிறகு குழிகளை ஃபெவிகாலும் டிஷ்யூ காகிதமும் வைத்து அடைக்க வேண்டும். ஃபெவிகால் வெள்ளை போய்க் கண்ணாடியாகும்வரை பிடிக்காது. அதன் எதிரே மேசை விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு நாலு பேர் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிற நேரமும் இந்த ஆய்வில் வேலை நேரமாகவே கணக்கிடப்பட்டுள்ளது.

நேர்மைக்காக ஒரு விதிவிலக்கையும் பதிவு செய்ய வேண்டும். கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அதே மகாலய அமாவாசையை ஒட்டித்தான் கொலுப்படி ஏறுகிறது. பந்தல்காரர்களைவிட நம்மவர்களுக்கு ஐந்தாறு நாள் முந்திய கெடு. பொம்மை, படி, துணி எல்லாவற்றையும் ஒரு ராத்திரியில் மிரட்டி முடித்துவிடலாம். பார்க்குக்கு விதைக்கிற கடுகை மட்டும் மிரட்ட முடியாது. அது முளைக்க அதன் நாள் வேண்டும். மறந்துபோய்த் தாமதமாக விதைத்தவர்கள் அதன்மேல் பச்சைச் சாயம் போட்ட மரத்தூளைத் தூவிப் புல் என்கிறார்கள். சுண்டலுக்கு வந்தவர்களும் ஒன்றும் சொல்வதில்லை. விஜயதசமியன்று ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கக் குனிகிறபோதுதான், மரத்தூளுக்கு அடியிலிருந்து கடுகு இரண்டு இலை விட்டு எட்டிப் பார்ப்பது தெரிகிறது.