கோடைப் பாலைச் செலவியல்

கலிபோர்னியாவில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மூடியதும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு, டெத் வேலி, ஜயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் என்று பாலைநிலத் தேசியப் பூங்காக்களை நோக்கிக் காரெடுப்பது ஏன்? பக்கத்திலேயே கடல் இருக்கிறது. குளிர்ந்த மலைகளும் இருக்கின்றன. ஆனாலும் கார் கிழக்கே திரும்புகிறது. முறையான ஆய்வு வேண்டி நிற்கும் பொருள் இது.

அவர்கள் இலக்கணப்படி நடக்கிறார்கள் என்பது நம் துணிபு. பாலைக்குத் தொல்காப்பியர் வகுத்த பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். வேனிலில், நண்பகலில், பாலையில் நிற்பவனைக் குறைசொல்லத் தமிழறிந்த எவருக்கும் வாயில்லை. ஆனால் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை குறைசொல்கிறது. டெத் வேலியின் தாழ்நிலங்களில் காலை பத்து மணிக்கு மேல் நடக்காதீர்கள் என்கிறது. கிராண்ட் கேன்யனின் கோடை நடைபாதைகளில் பத்திலிருந்து நான்கு வரை இறங்காதீர்கள் என்கிறது. இலக்கணம் ‘போ’ என்னும் நேரத்தில் இலாகா ‘போகாதே’ என்றால், இரண்டையும் இசைய வைப்பது உரையாசிரியன் தலையில்தான் விடிகிறது.

முதற்பொருளுள் நிலம். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். இங்கே அதைத் திரித்தது மலை. பசிபிக்கிலிருந்து வரும் மேகம் சியரா நெவாடாவில் ஏறும்போதே மழையைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அப்பாலுள்ள டெத் வேலிக்கு ஆண்டுக்கு இரண்டு அங்குலம் மிஞ்சினால் பெரிது. பள்ளத்தாக்கின் அடியான பேட்வாட்டர், கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கிறது. அதை ஒட்டிய ஃபர்னஸ் க்ரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 134 பாரன்ஹீட் (56.7 செல்சியஸ்) உலகச் சாதனையாகப் போற்றப்படுகிறது. இந்த எண்ணுக்குக் கோயிலும் உண்டு. போகும் வழியில் பேக்கர் என்ற சிற்றூரில், 134 பாகையின் நினைவாக, 134 அடி உயரத்தில் ஒரு வெப்பமானியை 1991-ல் எழுப்பினார்கள். சூட்டை அடிக்கணக்கில் அளந்து பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. வேலூரிலிருந்து வந்த தாத்தா அதை அண்ணாந்து பார்த்து, “இதென்ன பெரிய வெயிலு” என்று சொல்லும் வரை காரை எடுக்கக் கூடாது என்பது மரபு. ஃபர்னஸ் க்ரீக் பார்வையாளர் மையத்தின் வாசலிலும் ஒரு வெப்பநிலைப் பலகை இருக்கிறது. கோடைப் பயணிகளில் பலர் உண்மையில் தேடி வருவது அதை. பள்ளத்தாக்கு அதற்குப் பின்னணி.

பொழுதுக்கு வந்தால் சிக்கல் முற்றுகிறது. நண்பகல் என்றாரே, எந்த நண்பகல்? கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் வழக்கம் யூட்டாவில் உண்டு, அரிசோனாவில் இல்லை. ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ மக்களின் நிலத்தில் உண்டு. அந்த நவஹோ நிலத்துக்குள் சூழப்பட்டிருக்கும் ஹோப்பி மக்களின் நிலத்தில் மறுபடி இல்லை. ஃப்ளாக்ஸ்டாஃபில் இட்லி தின்றுவிட்டு வடக்கே போனவர் பதினொன்றரைக்கு நவஹோ எல்லையைத் தொட்டதும் பன்னிரண்டரை ஆகிறது, பசிக்க வேண்டியதாகிறது. ட்யூபா சிட்டி நவஹோ ஊர். சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள மொயன்கோப்பி ஹோப்பி ஊர். சாலையைக் கடந்தால் ஒரு மணி நேரம் இளமை திரும்பும். கைபேசியோ எந்தக் கோபுரம் கைக்கெட்டுகிறதோ அதன் மணியைக் காட்டும். போதாததற்கு, கோடைக் கணக்கால் டெத் வேலியில் சூரியன் உச்சிக்கு வருவதே ஒரு மணியை ஒட்டித்தான். ஆகவே, “பன்னிரண்டுக்குள் திரும்பிடலாம்” என்று குடும்பத் தலைவர் சொன்னால், எந்த அரசின் பன்னிரண்டு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்க.

இனிக் கருப்பொருள். பாலையின் தெய்வம் கொற்றவை. அந்தப் பீடத்தில் இன்று அமர்ந்திருப்பவள், கைபேசிக்குள்ளிருந்து வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு என்று ஆணையிடும் பெண்குரலாள். இவளும் பலி கேட்பவள். மண்சாலையைத் தார்ச்சாலை என்பாள். மூடிக் கிடக்கும் வழியைக் குறுக்கு வழி என்பாள். அவளை மட்டும் நம்பி வராதீர்கள், காகித வரைபடம் கொண்டுவாருங்கள், வண்டி நின்றுபோனால் அதைவிட்டு நடக்காதீர்கள் என்று பூங்காக் காவலர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். குறுக்கு வழி மோகம் அவள் பிறப்பதற்கு முன்பே உண்டு. 1849-ல் தங்கம் தேடி வந்தவர்களில் ஒரு கூட்டம், கிளைவழியொன்றை நம்பி இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கித் தவித்தது. இதற்கு மரணத்தின் பெயரைச் சூட்டியவர்கள் அவர்கள்தாம். இத்தனைக்கும் அவர்கள் வந்தது டிசம்பரில். நம் குடும்பங்களைப் போல ஜூலையில் வந்திருந்தால் பெயர் வைக்கவும் ஆள் மிஞ்சியிருக்காது.

விலங்கு செந்நாய், இங்கே கயோட்டி. மரத்துக்கு ஜோசுவா மரம் உண்டு. அது மரமே அல்ல, யக்கா இனம். தொழில் ஆறலைத்தல், அதாவது வழிப்பறி. இத்தொழில் அழிந்துவிட்டது என்போர் டெத் வேலிக்குள் பெட்ரோல் போட்டுப் பார்க்கவும். உணவு ஐஸ்பெட்டியில் புளிசாதம். தயிர்சாதம் வழியிலுள்ள பார்ஸ்டோ ஊரைத் தாண்டுவதில்லை.

நீர் பற்றி மட்டும் விளையாட்டை நிறுத்திவைக்கிறோம். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், அதாவது நாலு லிட்டர் கொள்க. ஜோசுவா ட்ரீ பூங்காவுக்குள் கடையே கிடையாது. இன்னொரு திசையிலும் நீர் கொல்லும். ஜூலையும் ஆகஸ்டும் அந்நிலத்தின் பருவமழை மாதங்கள். எங்கோ பெய்த மழை வறண்ட ஓடையில் சுவராக வரும். 2023 ஆகஸ்ட் 20 அன்று டெத் வேலியில் ஓராண்டு மழை ஒரே நாளில், 2.2 அங்குலம் கொட்டியது. சாலைகள் அரித்துப் போய்ப் பூங்கா அக்டோபர் நடு வரை மூடிக் கிடந்தது. பேட்வாட்டரில் தேங்கிய ஏரியில் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மக்கள் துடுப்புப் போட்டார்கள். பாலை நெய்தலாகும் இந்தத் திணைமயக்கத்துக்கு நூற்பா இல்லை.

உரிப்பொருள் பிரிதலும் பிரிதல் நிமித்தமும். இந்தப் பூங்காக்களின் பெரும்பகுதியில் கைபேசிச் சிக்னல் கிடையாது. நான்கு கோடு ஒரு கோடாகும்போது பின்னிருக்கையில் எழும் முணுமுணுப்பு பிரிதல் நிமித்தம். அதுவும் போனபின் நிலவும் மௌனம் பிரிதல். பொருள்வயிற் பிரிந்த தலைவனை நினைந்து தலைவி உருகியதைக் காட்டிலும் இவ்வுருக்கம் மிகையென்பது அடியேன் கருத்து. செலவழுங்கலும், அதாவது பயணத்தைத் தவிர்த்தலும், உண்டு: அறை முன்பதிவு, ஓட்டும் நேரம், பூங்காக் கட்டணம் எல்லாம் போட்டு எக்செல் பட்டியல் மார்ச்சிலேயே தயாராகும், ஜூனில் யாரோ ஒருவர் முகம் வாட, பயணம் டிஸ்னிலேண்டில் முடியும்.

அற்றேல், இலக்கணத்துக்கும் இலாகாவுக்கும் இணக்கம் எங்ஙனம்? உயரத்தால் என்க. ஆயிரம் அடி ஏறினால் மூன்று முதல் ஐந்து பாரன்ஹீட் பாகை குறையும். பேட்வாட்டரை விடியலில் பார்த்துவிட்டு 5,475 அடியில் நிற்கும் டான்டேஸ் வியூவுக்கு ஏறிவிட்டால், அதே பள்ளத்தாக்கை ஏறத்தாழ 25 பாகை குளிர்ச்சியாக மேலிருந்து பார்க்கலாம். ஜயானில் காலையின் முதல் இலவசப் பேருந்தைப் பிடித்து முடித்துவிட்டு, நண்பகலை எட்டாயிரம் அடிக்கு மேலுள்ள பிரைஸ் விளிம்பில் கழிக்கலாம். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பும் ஏழாயிரம் அடி. கீழே இறங்காதவரை பாட்டிக்குச் சால்வைகூடத் தேவைப்படும். ஆனால் பருவமழைப் பிற்பகலில் இதே விளிம்புகளில் மின்னல் விழும் என்பதால், மூன்று மணிக்கு விளிம்போரம் நின்று செல்ஃபி எடுப்பது விலக்கப்பட்டது. இந்தச் சாலைகளின் நீண்ட ஏற்றங்களில் ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகளுக்கும் கீழ்ப்படிக. ஏசி நின்றால் கார் மேலேறும்.

தூரத்தை வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் வெந்துபோகிறார்கள், உயரத்தை வைத்துப் போடுகிறவர்கள் பிழைக்கிறார்கள் என்று தீர்ப்பெழுதி முடிக்கலாம். ஆனால் தொல்காப்பியர் பாலைக்குப் பின்பனியும் உரியது என்று ஒரு சலுகை தந்திருக்கிறார்; மாசி, பங்குனி. டெத் வேலிக்கு அதுதான் நல்ல பருவம். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் பூவும் உண்டு. பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை அமெரிக்காவில் அரசு விடுமுறை. சனி ஞாயிறோடு சேர்ந்தால் மூன்று நாள். அன்பர்களே, டெத் வேலியை அந்த மூன்று நாளுக்கு ஒதுக்கிவிட்டு, கோடையில் மேட்டுப் பூங்காக்களுக்குப் போங்கள். அறையை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.