கொசுமெல்லில் மீன் பார்க்கும் வழிகள்

உல்லாசக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும் நேரம் அறிவிப்பில் ஒன்றாகவும் பயணியின் கைக்கு வரும்போது வேறொன்றாகவும் இருக்கும். மெக்சிகோவின் கொசுமெல் தீவுக்குக் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்பும் கப்பலுக்குக் கணக்கில் 9 மணி நேரம் உண்டு. கப்பலைக் கட்டி, அதிகாரிகள் அனுமதி தந்து, இறங்குபாலம் திறக்க அரை மணி ஆகும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். மிச்சம் 8 மணி நேரம். இலவசம் என்பதற்காக இரண்டாம் முறை சாப்பிடும் சிற்றுண்டி, அறையில் மறந்துவிட்டு வந்த தொப்பி, எல்லா மாடியிலும் நிற்கும் லிஃப்ட் ஆகியவற்றுக்குரியதையும் கழித்தால் வருவதே கரைப் பயணத்துக்கான நேரம். இந்த மிச்சத்தில் எவ்வளவு நேரம் முகம் தண்ணீருக்குள் இருக்கும் என்பதே, மூச்சுக்குழாயோடு மிதந்தபடி மீன் பார்க்கும் ஸ்நார்க்கெலிங் பயணத்தைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள ஒரே கேள்வி. விளம்பரத் தாளில் அச்சடிப்பது மீனை, விற்பது நேரத்தை.

கொசுமெல், யுகட்டான் தீபகற்பத்தின் கிழக்கே, கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் தீவு. மெக்சிகோவிலிருந்து ஹோண்டுராஸ் வரை ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நீளும் மீசோஅமெரிக்கப் பவளத்திட்டுத் தொடர் இதன் ஓரமாகப் போகிறது. 1996-இல் தீவையொட்டிய திட்டுகள் பலவற்றை மெக்சிகோ தேசியப் பூங்காவாக அறிவித்தது. கிழக்குக் கரையில் அலை அடிக்கும். மேற்குக் கரை அமைதியானது. அதனால் கப்பல் துறைகள் மூன்றும் மேற்கில்தான் இருக்கின்றன. 1519-இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்ட்டெஸ் இந்தத் தீவில் வந்திறங்கியபோது மாலை 4.30-க்குள் திரும்பி ஏற வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. மெக்சிகோவின் வரலாறு பாதை மாறியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பயணி முதலில் தீர்க்க வேண்டியது மணி என்ன என்பதை. கொசுமெல் அடங்கிய கின்டானா ரோ மாநிலம் 2015 பிப்ரவரியில் தன் கடிகாரத்தை மாற்றிக்கொண்டது. அதன்பின் ஆண்டு முழுவதும் ஒரே நேரம்தான். அமெரிக்காவோ கோடையில் முள்ளை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் பழக்கத்தை விடவில்லை. ஆகவே கோடையில் ஃபுளோரிடாவிலிருந்து வரும் கப்பல் தன் ஊர் நேரத்தையே வைத்திருந்தால், தீவில் மணி 4 ஆகும்போது கப்பலில் 5. குளிர்காலத்தில் டெக்சஸின் கால்வெஸ்டனிலிருந்து வரும் கப்பலில் இது தலைகீழாகும்: பயணி பதறியடித்து ஓடிவந்து, ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டதை அறிந்து, மூச்சு வாங்கியபடியே கடைக்குத் திரும்புவார். சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாறும், சில மாறா. கைப்பேசி யாரையும் கேட்காமல் தானே மாறிக்கொள்ளும். நம்ப வேண்டியது கப்பலின் அறிவிப்பையும், சாவி கொடுத்து ஓடும் பழைய கைக்கடிகாரத்தையும்.

அடுத்தது, பயணச்சீட்டைக் கப்பலில் வாங்குவதா, வெளியில் வாங்குவதா என்பது. கப்பல் வழியாகப் போனால் விலை கூடுதல், கூட்டமும் கூடுதல். ஆனால் பயணம் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். தீவிலுள்ள படகுக்காரரிடம் நேரடியாகப் பதிவு செய்தால் விலை குறையும், படகு சிறியது, ஆட்களும் கொஞ்சம். தாமதமானால் கப்பல் போய்விடும். அப்படி விட்டுப் போகும்போது, அறைப் பெட்டகத்தில் இருக்கும் பயணியின் பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவது கப்பல்களில் வழக்கம். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் உண்மையில் ஒரு காப்பீட்டுக் கட்டணம். பயணம் காலையிலேயே முடிவதாக இருந்தால் அந்தக் காப்பீடு பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பும் படகை வெளியில் பிடிப்பவர் துணிச்சல்காரர் அல்லது கோர்ட்டெஸின் வழிவந்தவர்.

படகுகளில் முதல் வகை கேட்டமரன். அகலமான தளம், ஆடாத ஓட்டம், உரத்த பாட்டு, கேட்காமலே நிரப்பப்படும் ரம். ஐம்பது, அறுபது பேர் ஏறுவார்கள். அத்தனை பேரும் ஒரே ஏணியில் இறங்கி அதே ஏணியில் ஏற வேண்டும். மூன்றரை மணி நேரப் பயணத்தில் தண்ணீரில் இருப்பது ஒரு மணி நேரம் இருந்தால் அதிர்ஷ்டம். மீனைவிடச் சக பயணிகளை நெருங்கிப் பார்க்கும் வாய்ப்பே இதில் அதிகம்; அதையும் விரும்புகிறவர்கள் உண்டு.

இரண்டாம் வகை, பத்துப் பன்னிரண்டு பேர் ஏறும் சிறிய மோட்டார் படகு. தெற்கே பலங்கார், கொலம்பியா என்ற திட்டுகளுக்கும், எல் சியேலோ என்ற மணல் திடலுக்கும் இது போகும். கொசுமெல் கடலில் நீரோட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. இறங்கியவரை அது தானாக இழுத்துக்கொண்டு போகும். படகு பின்னாலேயே வந்து, முடியும் இடத்தில் ஏற்றிக்கொள்ளும். கையைக் காலை அசைக்காமல் ஊர் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு இதைவிட வேறு எங்கும் கிடையாது. எதிர்நீச்சல் போட்டே பழகிய வீரர்கள்தாம் இங்கே வீணாகக் களைத்துப் போகிறார்கள்.

மூன்றாம் வகை, கரையிலிருந்தே இறங்குவது. சங்கநாப் பூங்காவிலும் கடற்கரை விடுதிகளிலும் படிக்கட்டு வழியாகக் கடலுக்குள் போகலாம். படகுப் பயணம் இல்லை. வேண்டும்போது ஏறி, சாப்பிட்டு, மறுபடி இறங்கலாம். நீரில் இருக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் மலிவானதும் இதுவே. திட்டின் அழகு தெற்கிலிருப்பதைவிடக் குறைவுதான். ஆனால் முதன்முறையாக முகத்தைத் தண்ணீரில் வைப்பவருக்கு எல்லா மீனும் அழகாகத்தான் தெரியும்.

ஹூஸ்டன் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குக் கால்வெஸ்டன் துறைமுகம் காரில் ஒரு மணி நேரத் தொலைவு. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோடுதான் பலரும் கப்பல் ஏறுகிறார்கள். “தண்ணிக்குள்ள எல்லாம் என்னால இறங்க முடியாதுப்பா, ஆனா மீனை மட்டும் பாத்துடணும்” என்று அப்பா சொல்லிவிட்டால், கண்ணாடி அடித்தளப் படகு இருக்கிறது, 30 மீட்டர் ஆழம் வரை இறங்கும் பயணிகள் நீர்மூழ்கியும் இருக்கிறது. ஆழம் போகப் போகச் சூரிய ஒளியில் முதலில் மறைவது சிவப்பு என்பதால் நீர்மூழ்கியின் சன்னலில் எல்லாம் நீலமாகவே தெரியும். மேலே மிதப்பவர்களுக்குத்தான் வண்ணம் முழுதாகக் கிடைக்கிறது. குடும்பம் முழுவதும் ஒரே படகில்தான் போக வேண்டும் என்ற தீர்மானம், யாருக்கும் பிடிக்காத படகைத் தேர்ந்தெடுப்பதற்கான மிக நம்பகமான முறை.

கருவிகளில் முக்கியமானது முகக்கண்ணாடி. அதைப் பட்டையில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் தானாக ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் அளவு சரி. மீசை உள்ளவர்களுக்கு இது நிற்காது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் மீசை வழியே புகும் கடல்நீருக்குச் சமாதானம் சொல்ல முடியாது. அந்த இடத்தில் சிலிக்கோன் கிரீஸ் தடவுவது ஒரு வழி. சிரைப்பது இன்னொரு வழி. அது வீட்டில் கலந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. கண்ணாடியில் பனி படராமலிருக்க உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவுவது உலகெங்கும் உள்ள முறை. வாடகைக் கண்ணாடியில் தனக்கு முன்பு எத்தனை பேர் அதைச் செய்தார்கள் என்று யோசிப்பவர் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் வைத்த முகக்கண்ணாடி கிடைக்கும். ஒளிவிலகலால் நீருக்கடியில் எதுவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். எனவே பார்த்த மீனின் அளவை ஊருக்குப் போய்ச் சொல்லும்போது அந்த மூன்றில் ஒரு பங்குக்கு இயற்பியல் பொறுப்பு. அதற்கு மேல் கூடுவது சொல்பவரின் பங்களிப்பு.

கடலுக்குள் சில விதிகள் உண்டு. பவளத்தைத் தொடக்கூடாது, அதன்மேல் நிற்கக்கூடாது. அது கல்லன்று, உயிருள்ள கூட்டம். வெயில் பூச்சுகளில் உள்ள ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ஆகியவை பவளத்துக்குக் கேடு என்பதால் ஹவாய் மாநிலம் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடுத்தது. கொசுமெல் பூங்காவிலும் பூச்சு தடவாமல் வரச் சொல்கிறார்கள். முழுக்கைச் சட்டை போதும். எல் சியேலோவில் இடுப்பளவு நீரில் நட்சத்திரமீன்கள் படுத்திருக்கும். படத்துக்காக அவற்றைத் தண்ணீருக்கு மேலே தூக்குவது அவற்றுக்கு ஆபத்து. அந்தப் படங்களில் வெண்மணல் எப்போதும் எடுப்பாக விழும். கரீபிய வெண்மணலில் கணிசமான பங்கு, கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்துத் தின்று கழித்தது என்பதைத் தேனிலவுத் தம்பதிகளிடம் வழிகாட்டிகள் சொல்வதில்லை.

குளிர்காலத்தில் ‘நோர்த்தே’ என்னும் வடகாற்று வீசினால் துறைமுக அதிகாரி சிறு படகுகளுக்குக் கடலை மூடிவிடுவார். அப்போது பணம் முழுதாகத் திரும்புமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். கடலுக்கு அதில் விலக்குத் தரவில்லை. கூடவே கேட்க வேண்டியவை: எந்தத் திட்டு, எத்தனை பேர், நீரில் எத்தனை நிமிடம், பூங்காக் கட்டணம் சேர்த்தா சேர்க்காமலா, கிளம்பும் இடம் கப்பல் துறையிலிருந்து எவ்வளவு தூரம். குமட்டல் வரும் என்று தெரிந்தவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால், மீன்களுக்குத்தான் போய்ச் சேரும்.

இவற்றில் ஒன்றும் ஒத்துவராதவர்கள் கப்பலிலேயே இருந்துவிடலாம். ஆயிரக்கணக்கானோர் இறங்கிப் போன அன்றுதான் நீச்சல்குளத்தின் ஓரத்தில் நாற்காலி கிடைக்கும், லிஃப்ட் எந்த மாடியிலும் நிற்காமல் வரும். கடிகாரத்தைப் பற்றிக் கவலையில்லை, மீசைக்கும் ஆபத்தில்லை. மீனும் உண்டு: மதியம் 12 மணிக்கு, எலுமிச்சைத் துண்டோடு.