கடலோரத்து ஓலைக்கொட்டகை

போன கோடையில் திருவாதவூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே என் மகன் கைபேசியில் நாலு தட்டுத் தட்டி, உச்சிப்புளியைத் தாண்டி அரியமான் கடற்கரைப் பக்கம் இரண்டு காட்டேஜ் பிடித்துவிட்டான். பதினோரு பேர், இரண்டு ராத்திரி, ஏசி, வெந்நீர், காலைப் பலகாரம் எல்லாம் சேர்த்துத்தான் வாடகை. கையிலிருந்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இதே திண்ணையில், 1984 கோடையில், அய்யா ஒரு 15 பைசா அஞ்சலட்டையை முழங்காலில் வைத்துக்கொண்டு, பாம்பனில் இருந்த பழைய சிநேகிதர் ஒருவருக்கு “குடும்பத்தோடு வருகிறோம், மூன்று நாள் தங்க இடம் வேண்டும்” என்று எழுதியது எனக்கு அப்போது கண்முன் வந்து நின்றது. பதில் வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் நாங்கள் கடலைப் பற்றியே பேசினோம், கடலைப் பற்றியே கனாக் கண்டோம். அட்டை தபால் பெட்டிக்குள் விழுந்தபோதே எங்கள் பயணம் புறப்பட்டுவிட்டது.

கடலுக்குப் போவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. பாண்டியனுக்கு மந்திரியாக இருந்த வாதவூரர், குதிரை வாங்கக் கருவூலப் பொன்னோடு கீழைக் கடற்கரைக்குப் புறப்பட்டவர், வழியில் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, கொண்டுபோனதையெல்லாம் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு மாணிக்கவாசகரானார். அந்தக் கதையைச் சோற்றோடு சேர்த்து எங்களுக்கு ஊட்டிய அப்பத்தா, கடைசியில் தவறாமல் ஒன்று சொல்வாள்: “கடலுக்குப் போனவுக போன மாதிரியே திரும்பி வர மாட்டாக.”

பாய், ஜமுக்காளம், அரிக்கேன் விளக்கு, பம்ப் அடுப்பு, அரிசி மூட்டை, இரண்டு நாளைக்குத் தாங்கும் புளிச்சோறு என்று வீட்டில் பாதியைக் கட்டித் தூக்கிக்கொண்டு, பஸ் பிடித்து மதுரைக்கு வந்து, மீட்டர் கேஜ் பாசஞ்சரில் ஏறினோம். அன்றைக்கு ராமேசுவரம் தீவுக்குச் சாலை கிடையாது. பாம்பன் சாலைப் பாலத்தை 1988இல்தான் திறந்தார்கள். மானாமதுரையும் பரமக்குடியும் கடந்து, கரித்தூள் கண்ணில் விழ விழ ஜன்னலை விடாமல் பிடித்திருந்த எங்களுக்கு, வழியில் இருக்கிற ஊர்களின் பெயர்களையும் பாம்பனுக்கு அப்பால் இருக்கிற ஊர்களின் பெயர்களையும் அய்யா சொல்லிக் காட்டினார். மண்டபம், அக்காள்மடம், தங்கச்சிமடம், தனுஷ்கோடிப் பாதையில் முகுந்தராயர் சத்திரம். வந்தவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தே பெயர் வாங்கிய ஊர்கள் அவை. சேதுவுக்கு வரும் யாத்திரிகர்களுக்காகச் சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரம் கட்டி வைத்தார்கள். அங்கே தங்கியவன் விருந்தாளி; வாடகை என்ற பேச்சே அந்தக் காலத்தில் எழவில்லை.

1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில், இருபக்கமும் கைப்பிடிச் சுவர்கூட இல்லாமல், வண்டி நடைவேகத்தில் ஊர்ந்தது. பெண்கள் காசு வீசிக் கும்பிட்டார்கள். வாழ்நாள் முழுதும் கண்மாய்க்கரையில் இருந்த அப்பத்தா, அந்த நீலத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு அய்யாவிடம் கேட்டாள்: “ஏப்பா, இம்புட்டுத் தண்ணிக்கு மடை எங்கிட்டு இருக்கு?” பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது, கடலை எட்டிப்பார்ப்பது அபூர்வம் என்று தெரிந்தவர்களுக்கு அது நியாயமான கேள்விதான்.

பாம்பனில் எங்களுக்குக் கிடைத்தது வலை வைக்கிற ஓலைக்கொட்டகை. நாளைக்கு ஐந்து ரூபாயும், எங்கள் வயலில் விளைந்த அரிசி நாலு படியும் என்று பேசி முடித்தார்கள். அரிசியை வாங்கி முகர்ந்து பார்த்த வீட்டுக்கார அம்மா, அன்று மாலையே ஒரு சட்டி மீன்குழம்பைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். கொட்டகைக்குள் வலை வாடையும் வெக்கையும், படுக்க முடியாது. அதனால் மூன்று ராத்திரியும் வெளி மணலில் ஜமுக்காளத்தை விரித்து, பதினோரு பேரும் ஒரே வரிசையாகப் படுத்தோம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததையும், பயணிகளோடு வந்த ரயிலைக் கடல் கொண்டுபோனதையும் வீட்டுக்காரர் இருட்டில் சொல்லச் சொல்ல, நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

குடிதண்ணீருக்கு அவர் காட்டித் தந்த வழியை நான் இன்னும் மறக்கவில்லை. அலையை விட்டுத் தள்ளி, மேட்டு மணலில் கையால் ஒரு முழம் பறித்தால் ஊற்று சுரந்தது. குடித்தால் நல்ல தண்ணீர்! மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது, ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலேறிக் கெட்டுவிடும் என்றார். வைகை மணலில் ஊற்றுப் பறித்துப் பழகிய கைகள்தான் எங்களுக்கும். ஆனாலும் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறியதைத் தொட்டுப் பார்த்த பிறகு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மூன்று நாளையும் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பூரித்திருக்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், கேட்டுக்கொண்டிருந்த அம்மா மெதுவாகச் சொன்னாள்: “ஒனக்கு நல்லாத்தான் இருந்திருக்கும். நானும் ஒன் அத்தையும் விடியுறதுக்கு முன்ன எந்திரிச்சு உடைமரத்து மறைவைத் தேடி நடந்தோம். அப்புறம் பொழுது சாயுற வரைக்கும் தண்ணி குடிக்கப் பயம்.” நல்ல தண்ணீர் ஊறிய இடத்தில் அம்மா தாகத்தோடு இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் பழைய மாதிரி சொன்னதில்லை.

அரியமானுக்குக் காரில் போனோம். பரமக்குடி வரை நான்குவழிச் சாலை. மொத்தமும் மூன்றரை மணி நேரம்தான். மறுநாள் பாம்பன் போய், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்த்தோம். பழைய பாலத்தில் ஆட்கள் கையால் நெம்பித் திறந்த தூக்குப் பகுதி, புதியதில் மோட்டாரில் செங்குத்தாக மேலே எழும்புகிறது. காட்டேஜில் சாவி வாங்கியதும் அம்மா முதலில் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுப் பார்த்தாள். வெளியே வந்து, “இதுக்காகவே இன்னொரு தரம் வரலாம்யா” என்றாள். வளர்ச்சி என்ற சொல்லுக்கு என்னிடம் இதைவிட நல்ல சான்று இல்லை.

ஆனால் அந்தக் காட்டேஜுக்குத் திண்ணை இல்லை. கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே இரண்டு படி, அவ்வளவுதான். ஏசி ஓடுவதால் கதவைத் திறக்கக்கூடாது. ஆளுக்கொரு கட்டில், ஆளுக்கொரு கைபேசி. நூறடி தூரத்தில் அலையடிக்க, நாங்கள் நாலு சுவருக்குள் இருந்தோம். ஓலைக்கொட்டகையின் வெக்கை எங்களை வெளியே தள்ளி ஒன்றாகப் படுக்க வைத்தது. இந்தக் குளிர்ச்சி எங்களை உள்ளே இழுத்துப் பிரித்து வைத்தது.

சாயங்காலம் அம்மாதான் படியில் உட்கார்ந்து பேரன் பேத்திகளைக் கூப்பிட்டு, மணலில் ஊற்றுப் பறிக்கச் சொன்னாள். பிள்ளைகள் முழங்கை மறையத் தோண்டினார்கள். தண்ணீர் வந்தது, வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. “ஆழமாத் தோண்டிப்புட்டீகளேய்யா” என்று அவள் இன்னொரு இடம் காட்டினாள். அங்கேயும் கரிப்புத்தான், கொஞ்சம் குறைவு. அதற்குள் இருட்டிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பதினோரு பேரும் அந்தக் குழியைச் சுற்றி மணலில் உட்கார்ந்திருந்தோம்.

நீங்களும் குடும்பத்தோடு கடற்கரையில் தங்க இடம் பார்ப்பீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி, பெண்களுக்கு வசதியான கழிப்பறை உண்டா? உண்டென்றால் அடுத்தது, எல்லோரும் ஒன்றாக உட்காரத் திண்ணை உண்டா? திண்ணை இல்லையென்றால் வீட்டிலிருந்து ஒரு ஜமுக்காளம் எடுத்துப் போங்கள்.