நிற்கும்வரை என்னுடையது

அரியலூர் மாவட்டத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சிமெண்டுக்கு வராது. அரசின் டான்செம் தொடங்கித் தனியார் ஆலைகள் வரை அங்கே வரிசை கட்டி நிற்கின்றன. சுண்ணாம்புக்கல் லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டே அந்தப் பக்கத்து டூவீலர்காரர்களுக்குப் பாதி ஆயுள் போய்விடுகிறது. அங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற பெரம்பலூரில்தான், என் வீட்டுக்கும் கீழண்டை வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர், சிமெண்டு வாங்கிப் போட ஆளில்லாமல் சாய ஆரம்பித்தது.

அந்தச் சுவர் நேராக நின்ற காலத்தில் அதற்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தார்கள். நான் என் பக்கம் ஆணி அடித்துத் துணிக்கொடி கட்டியிருந்தேன். கீழண்டை வீட்டு அண்ணன் தன் பக்கம் தகர ஷெட்டையே அதன் தலையில் இறக்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் அவர் பக்கம் ஒரு சின்னம், என் பக்கம் ஒரு சின்னம். யாரும் யாரையும் கேட்டதில்லை. முதல் வெடிப்பு விழுந்த அன்றுதான் எங்கள் இருவருக்கும் பெருந்தன்மை பொங்கியது.

“அண்ணே, உங்க செவுரு கொஞ்சம் சாயுற மாதிரி தெரியுதே?”

“எங்க செவுரா? உங்க அப்பா இருந்து கட்டுனதுன்னு நீங்கதானே தம்பி சொல்லுவீங்க?”

“அப்பா கட்டுனது சரிண்ணே. ஷெட்டு இறக்குனது யாரு?”

“பாரம் என்ன பாரம்? நாலு தகரம். உங்க கொடியில ஈரப் போர்வை தொங்குதே, அது கனம் இல்லியா?”

நிற்கும்வரை என்னுடையது, சாயும்போது உங்களுடையது. சட்டப் புத்தகம் எதிலும் இது இல்லை. ஆனால் தெருவுக்குத் தெரு அமலில் இருக்கிறது.

சண்டை அடுத்த கட்டமாகப் பூர்வீகத்துக்குப் போனது. தன் தாத்தா காலத்தில் அந்த இடம் முழுக்கத் தங்கள் களத்துமேடு என்றார் அண்ணன். எங்கள் தாத்தா அதற்கும் முன்னால் வந்தவர் என்றேன் நான். பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் பூர்வீகம் பேசும்போது கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. ஆலத்தூர் வட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்துக்கு வயது சுமார் 12 கோடி ஆண்டு. அந்தக் காலத்தில் இந்தப் பகுதியில் கடல் இருந்தது. எவ்வளவு பின்னால் போய்ப் பார்த்தாலும் இங்கே முதல் பட்டா சிப்பிக்கும் நத்தைக்கும்தான்.

அடுத்து பத்திரம் வெளியே வந்தது. பழைய பத்திரம் என்றால் ஒரு சக்குபந்தி இருக்கும்: இன்னார் மனைக்கு மேற்கு, பொதுச்சந்துக்கு வடக்கு, புளியமரத்துக்குக் கிழக்கு, இந்த எல்லைகளுக்குள் கிழமேல் ஜாதியடி இத்தனை, தென்வடல் ஜாதியடி இத்தனை. இன்னார் காலமாகி வெகுநாள் ஆகிறது. புளியமரத்தை வெட்டிக் காளவாய்க்குப் போட்டாயிற்று. சந்தில் இப்போது ஒரு மாடிப்படி இறங்குகிறது. சுவரைப் பற்றி என் பத்திரத்தில் ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் பத்திரத்திலும் இல்லை. மாமரம், தென்னை, கிணற்றில் கால்பங்கு, நிதி நிக்ஷேபம் வரை எழுதத் தெரிந்த பத்திர எழுத்தருக்கு, கண்ணெதிரே நின்ற சுவரை எழுத மனம் வரவில்லை.

சர்வேயருக்கு மனுப் போட்டோம். இப்போது அதை இணையத்திலேயே போடலாம். அவர் ஒரு நாள் காலையில் புலப்பட நகலும் டேப்புமாக வந்தார். வந்ததும் அவர் தேடியது எங்களை அல்ல, கல்லை. சர்வே கல்லைப் பத்திரமாகப் பேண வேண்டியது நிலத்துக்காரரின் கடமை என்று 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம் சொல்கிறது. எங்கள் கல் கடைசியில் அண்ணன் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்கு முட்டுக் கொடுத்த நிலையில் கிடைத்தது. தினமும் சோப்புத் தண்ணீரில் குளித்து, மாவட்டத்திலேயே இவ்வளவு சுத்தமான சர்வே கல் வேறு இருக்க முடியாது என்கிற மாதிரி இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

சர்வேயர் வேறு புள்ளிகளிலிருந்து அளந்துகொண்டு வந்தார். பழைய கணக்கெல்லாம் லிங்க்ஸில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் நூறு வளையம். ஒரு வளையம் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் சுவரின் கனம் ஒன்பது அங்குலம். ஆக, இரண்டு குடும்பங்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது ஏறக்குறைய ஒரு லிங்க்ஸுக்காக. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. புலப்படங்களை 1:1000, 1:2000 என்ற அளவுகளில் வரைகிறார்கள். இரண்டாயிரத்துக்கு ஒன்று என்று போட்ட படத்தில் பென்சில் கோடு அரை மில்லிமீட்டர் தடித்தால், தரையில் அது ஒரு மீட்டர். எங்கள் சுவரைப் போல நான்கு சுவரை அந்தக் கோட்டுக்குள்ளேயே நிறுத்திவிடலாம்.

அளந்து முடித்ததும் அவர் சொன்னார்: “அடிச்செவுரு சரியா கோட்டு மேல நிக்குதுங்க. தலை மட்டும் அந்தப் பக்கம் போயிருக்கு.”

“அப்போ யாரு செலவு பண்றது சார்?”

“நாங்க தரையைத்தான் அளப்போம். ஆகாயத்தை அளக்கிறதில்லை.”

இந்தச் சமயத்தில்தான் அரியலூரிலிருந்து மாமனார் வந்தார். எல்லைத் தகராறில் அவருக்கு இருக்கிற அனுபவம் எந்த சர்வேயருக்கும் இருக்காது. வாழ்நாளில் பெரும்பகுதி அவர் திருச்சி மாவட்டத்துக்காரர். 1995-ல் திருச்சியைப் பிரித்தபோது பெரம்பலூர் மாவட்டத்துக்காரர் ஆனார். 2001 ஜனவரியில் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். ஆட்சி மாறியது, 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். இன்னொரு முறை ஆட்சி மாறியது. 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டம். இத்தனைக்கும் அவர் வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கடைசியில் கடைப் பெயர்ப்பலகை எழுத வந்தவரிடம், “மாவட்டம்னு போட்டு, பக்கத்துல இடம் விட்ருப்பா” என்று சொல்லிவிட்டார்.

பாகப்பிரிவினையில் சிமெண்டு ஆலைகள் பெரும்பாலும் அரியலூருக்குப் போயின. சின்ன வெங்காயம் பெரம்பலூருக்கு நின்றது. அதுவும் முழுசாகத் தீரவில்லை. குன்னம், கலெக்டருக்குப் பெரம்பலூர் மாவட்டம், எம்.பி.க்குச் சிதம்பரம் தொகுதி. மனு ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம்.

“மாப்ளே, கவர்மெண்டே ஒரு செவுத்தை எழுப்பி, இடிச்சு, திரும்ப எழுப்ப ஏழு வருஷம் எடுத்துக்கிச்சு. உங்களுக்கு என்ன அவசரம்?” என்றார் மாமனார்.

அவசரம் இருந்தது. புரட்டாசி பிறந்துவிட்டது. அண்ணனோ, “தை பிறக்கட்டும் தம்பி, சேர்ந்து கட்டிரலாம்” என்று வாக்குக் கொடுத்திருந்தார். சுவர் விஷயத்தில் வாக்கு என்றால் அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் உதறும். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் எடுத்த கோயிலுக்குப் பெரிய வெளிமதில் இருந்தது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கம்பெனி சர்க்கார் அந்த மதிலின் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனது. தடுக்கப் போன ஊர்க்காரர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னார்களாம். அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று 1855-ல் வந்த பத்திரிகைக் குறிப்பு ஒன்று புலம்புகிறது. சோழன் மதிலுக்கே அந்தக் கதி. என் மதிலுக்குத் தை மாதத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா?

வக்கீலைப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். “கேஸ் போடலாம். கோர்ட்டுல கமிஷனர் போடச் சொல்லிக் கேப்போம். அவர் சர்வேயரைக் கூட்டிக்கிட்டு வந்து அளப்பார், ரிப்போர்ட் கொடுப்பார். அதுக்கு அவங்க ஆட்சேபணை கொடுப்பாங்க” என்று விளக்கிவிட்டு, “செவுரு கட்ட எவ்வளவு ஆகும்னு கொத்தனாரைக் கேட்டீங்களா?” என்றார். கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு ஃபீஸ் வாங்காமல் அனுப்பினார்.

இங்கிலாந்தில் இதற்கென்றே 1996-ல் ஒரு தனிச்சட்டம் போட்டிருக்கிறார்கள். பொதுச்சுவரில் கை வைக்கும் முன் பக்கத்து வீட்டுக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பதினான்கு நாளில் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் இருந்தால், தகராறு என்றே எடுத்துக்கொண்டு சர்வேயர்களிடம் விட வேண்டும். வெள்ளைக்காரன் சட்டம் போட்டுக் கண்டுபிடித்த இந்த உண்மை நம் பெண்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். கீழண்டை வீட்டு அக்கா வாசலில் கோலம் போட்டுவிட்டு என் மனைவியைப் பார்க்காமல் உள்ளே போனால், அதற்கு என்ன அர்த்தம் என்று பதினான்கு நாள் காத்திருக்கத் தேவையில்லை.

கடைசியில் தீர்ப்புச் சொன்னவர் கொத்தனார். அவர் பத்திரம் பார்க்கவில்லை, படம் பார்க்கவில்லை. தூக்குக்குண்டை இறக்கிச் சாய்வைப் பார்த்தார். சுவரடியில் கடப்பாரை போட்டு ஒரு குழி தோண்டினார். பாளம் பாளமாகக் கருப்பு மண் வந்தது. ஒரு கட்டியை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து எங்கள் இருவருக்கும் காட்டினார்.

“கரிசலுங்க. மழையில ஊதும், கோடையில வெடிக்கும். மண்ணு மூச்சு வாங்குது. நீங்க ஒன்றரை அடியில கல்லு வச்சிருக்கீங்க. செவுரு என்ன பண்ணும்? ஷெட்டுமில்ல, போர்வையுமில்ல.”

பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்து குவிகிற அதே மண்தான் சுவரையும் ஆட்டிப் படைக்கிறது. கரிசலைத் தாண்டிச் சுக்கான் தட்டுகிற ஆழம் வரை குழி எடுக்க வேண்டும், எடுத்த மண்ணை அதிலேயே திரும்பத் தள்ளாமல் கிராவல் போட்டு இடிக்க வேண்டும், மேலே கம்பி கட்டி பெல்ட் ஓட்ட வேண்டும், இரண்டு பக்கமும் தண்ணீர் தேங்காமல் வழி விட வேண்டும் என்றார். கூலியும் சாமானுமாக அவர் சொன்ன தொகையில் பாதி, வக்கீல் செலவைவிடக் குறைவாக இருந்தது. அண்ணனும் அதே கணக்கை மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

“சிமெண்டும் கம்பியும் ஒருத்தர். செங்கல்லும் கூலியும் ஒருத்தர். மிச்சத்தை எழுதி வச்சுக் கழிச்சுக்கங்க,” என்று கொத்தனார் முடித்தார்.

அதோடு சண்டை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் உயரத்துக்குப் போனது. பில்லர் யார் பக்கம் துருத்திக்கொண்டு நிற்பது? என் பக்கம் இரண்டு, அவர் பக்கம் இரண்டு என்று முடிந்தது. சுவரின் தலையில் விழும் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிவது? இரண்டு பக்கமும் சரிவு வைத்துக் கொத்தனார் பூசினார். கண்ணாடிச் சில்லு பதிக்கலாமா? திருடனுக்குப் பதிப்பதா, பக்கத்து வீட்டுக்குப் பதிப்பதா என்று என் மனைவி கேட்டதும் அந்த யோசனை செத்தது. சுவர் இல்லாத நாள்களில் அண்ணன் வீட்டுக் கோழி எங்கள் விறகுக் குவியலில் வைத்த முட்டைகள் யாருக்கு என்பது மட்டும் பாக்கி. கோழி யாருடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இடம் எங்களுடையது, விறகும் எங்களுடையது. சர்வேயரை மறுபடி கூப்பிட வேண்டாம் என்று இரண்டு வீட்டிலும் ஒருமனதாக முடிவானது.

மனை வாங்கப் போகிறவர்களுக்கும் வீட்டைப் பாகம் பிரிக்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பத்திரம் எழுதும்போது மாமரத்தையும் நிதி நிக்ஷேபத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சுவர் யாருக்குப் பாத்தியம், பொதுச்சுவர் என்றால் பழுது பார்க்கும் செலவு யார் யாருக்கு எவ்வளவு என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள், கரிசல் வெடித்துக் கிடக்கும் சித்திரையிலேயே பக்கத்து வீட்டுக்காரரோடு போய் அஸ்திவாரத்தைப் பாருங்கள். சண்டையை வருடம் முழுவதும் போடலாம். கடைக்கால் தோண்ட ஐப்பசிக்கு முந்தித்தான் முடியும்.