மின்னுவதெல்லாம் வைரமா?

கேள்வி: காவலூர் மலையில் கிடைத்த கல் ஒன்றின் மேல் சர்க்கரை தூவியது போல மின்னுகிறது. வைரமாக இருக்குமோ?

பதில்: காவலூரில் வானத்து மினுமினுப்பைக் கவனிக்க 2.34 மீட்டர் கண்ணாடியோடு வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. தரையில் மின்னுவதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும்.

லென்ஸில் ஆறு பக்கம் கொண்ட குட்டிக் கூர்முனைகள் நெருக்கியடித்து நின்றால், அநேகமாகக் குவார்ட்ஸ். ஊரார் வெங்கச்சங்கல் என்பதும் இதே சரக்குதான். அங்கே கட்டியாக, இங்கே படிகமாக. சிலிக்கா கரைந்த வெந்நீர் பாறை வெடிப்பில் ஊறி ஆறும்போது சுவரெங்கும் ஒரே சமயத்தில் படிகங்கள் முளைக்கின்றன. இடநெருக்கடியில் எதுவும் பெரிதாக வளர முடிவதில்லை.

வேஷதாரிகளும் உண்டு. நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரிவது மைக்கா. கத்தி கீறினால், சுரண்டிய தூள் வினிகரில் நுரைத்தால் கால்சைட். அதன் கடினம் மோஸ் அளவில் வெறும் 3. குவார்ட்ஸ் 7. கத்திக்கு மசியாது, கண்ணாடியைக் கீறும்.

‘கண்ணாடியைக் கீறுகிறது, ஆகவே வைரம்’ என்று நகைக்கடைக்குக் கிளம்புகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். வைரத்தின் கடினம் 10. அது குவார்ட்ஸையே கீறிவிடும்.

கடைக்காரர் டீ வாங்கித் தரலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வெங்கச்சங்கல் இரண்டை இருட்டில் அழுத்தி உரசினால் மங்கலாக ஒளி தெறிக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட அது நல்ல வேடிக்கை.