தீப்பிடிக்காத பெட்டிக்கு நன்றி, நகராத கோட்டுக்கு விண்ணப்பம்

பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், இந்தியத் தர நிர்ணய அமைவனம், மானக் பவன், புது டெல்லி.

அனுப்புநர்: ஒரு நுகர்வோர், பந்தல்குடி, அருப்புக்கோட்டை வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பொருள்: வீட்டு நாஸ் பெட்டியில் ஜிப் கட்டுவதும் பிரிப்பதும் தாமதமாதல் – அட்டையில் மூன்று எண்கள் அச்சிடக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

முதலில் நன்றி. ரூட்டரோடு ஒரு லேன் கேபிளில் இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் பொதுக் கிட்டங்கியாகிவிடுகிறதே, அந்த நாஸ் பெட்டியின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் ‘ஆர்’ என்று தொடங்கும் உங்கள் பதிவு எண் இருக்கிறது. மின்னணுப் பொருள்களுக்கு 2012இல் அறிவிக்கப்பட்ட கட்டாயப் பதிவு முறையின் புண்ணியத்தில் அது ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது. பெட்டி எவ்வளவு மெதுவாக வேலை செய்தாலும், முடியும்வரை நாங்கள் உயிரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம் என்பதற்கு அரசாங்க உத்தரவாதமே கிடைத்திருக்கிறது. மீதமுள்ள ஒரே குறை, ஜிப்பைப் பிரிக்கும்போது கணினித் திரையில் ‘இன்னும் 2 நிமிடம்’ என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் அதே இடத்தில் நிற்கும் அந்தப் பச்சைக் கோடு.

கரிசல் காட்டில் இப்படியொரு பெட்டிக்கு என்ன வேலை என்று டெல்லியில் யாராவது கேட்கக்கூடும். கல்யாண ஸ்டுடியோ இல்லாத ஊர் இந்தப் பக்கம் கிடையாது. ஆல்பம் வடிவமைப்பவர்கள் வாங்குகிற 12க்கு 36 அங்குல ஃபோட்டோஷாப் டெம்ப்ளேட்டுகள் வருவதே ஜிப் மூட்டையாகத்தான். பிரித்தால் பூவும் சட்டமும் எழுத்துருவுமாக ஆயிரக்கணக்கில் பொடிக் கோப்புகள் உதிரும். அப்புறம் எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போனது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அல்லது அதற்கு மேல் வெட்டத் திட்டமிட்ட சுரங்கமும், 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் பரப்புள்ள சுரங்கமும் ஆண்டுதோறும் ட்ரோன் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று 2021இல் மத்திய அரசே விதி திருத்தியது. ட்ரோன் படங்களை வரைபடமாக்கும் மென்பொருளும் சதுரம் சதுரமாகப் பொடிப் படங்களைக் கொட்டுவதில் சளைத்ததில்லை. ஆக, பொடிக் கோப்புகளைக் கட்டவும் பிரிக்கவும் தேவை இங்கேயும் உண்டு.

பெட்டியின் அட்டையில் ‘1 கிகாபிட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒரு கிகாபிட் என்றால் நொடிக்கு 125 மெகாபைட். சேதாரம் போக 110 கிடைக்கும். 10 ஜிபி கல்யாண வீடியோ ஒரே கோப்பாக இருந்தால் ஒன்றரை நிமிடத்தில் போய்ச் சேருகிறது. ஆனால் அதே 10 ஜிபி 20,000 பொடிக் கோப்புகளாக ஒரு ஜிப்புக்குள் இருந்து, அதைக் கணினியில் வலது கிளிக் செய்து பெட்டியிலிருந்து பெட்டிக்கே பிரிக்கச் சொன்னால் கணக்கு மாறுகிறது. பிரிக்கும் வேலையைப் பெட்டி செய்வதில்லை, மேசையிலுள்ள கணினிதான் செய்கிறது. ஜிப் முழுவதும் கேபிள் வழியே கணினிக்கு வந்து, அங்கே பிரிந்து, ஒவ்வொரு கோப்பாக அதே கேபிளில் திரும்பிப் போக வேண்டும். அருப்புக்கோட்டை மண்டியில் கிடக்கும் மல்லி மூட்டையைப் பக்கத்து அறையில் பிரித்துக் கொட்ட, அதை லாரியில் ஏற்றிப் பந்தல்குடி வழியாகத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய், அங்கே அவிழ்த்து, கைப்பிடி கைப்பிடியாகத் திருப்பி அனுப்பும் காரியம் இது. இதில் சாலையின் அகலத்தை மட்டும் அட்டையில் அச்சிட்டு என்ன பயன்?

கைப்பிடிக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு பொடிக் கோப்புக்கும் ‘திறக்கட்டுமா, எழுதட்டுமா, தேதி போடட்டுமா, மூடட்டுமா’ என்று கணினி தனித்தனியாகக் கேட்டு, பெட்டி தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். அரசு அலுவலக நடைமுறை தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளேயுள்ள ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுழன்றாலும் ஒரு சுற்றுக்கு 8 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. பெயர்ப் பட்டியலுக்கும் தரவுக்கும் அதன் முள் மாறி மாறி ஓட வேண்டும். எல்லாம் சேர்த்துக் கோப்புக்கு 20 மில்லிநொடி என்று சிக்கனமாக வைத்தாலும் 20,000 கோப்புகளுக்கு 400 நொடி, அதுவும் வெறும் காத்திருப்பு. கேபிளுக்குப் பதில் வைஃபை என்றாலோ, வரும் ஒவ்வொரு கோப்பையும் ஆன்டிவைரஸ் நிறுத்திச் சோதித்தாலோ இது பல மடங்காகும். இத்தனைக்கும் நடுவில் அட்டை சொன்ன கிகாபிட் கேபிள் பெரும்பாலும் சும்மா கிடக்கிறது.

பயன்படுத்தத் தெரியாதவரின் குற்றத்துக்குப் பெட்டி என்ன செய்யும் என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் வழியெல்லாம் சரிதான். பெட்டிக்கென்று உள்ள பிரவுசர் பக்கத்தில் நுழைந்து அங்கேயே பிரிக்கச் சொன்னால் கேபிளுக்கே வேலையில்லை. ஜிப் கட்டுவதைவிடப் பிரிப்பது இலேசு என்பதால் பெட்டியின் சோப்ளாங்கி செயலியே அதைச் சமாளித்துவிடும். அல்லது ஜிப்பைக் கணினியின் எஸ்.எஸ்.டி.க்கு இறக்கி அங்கே பிரித்துக்கொள்ளலாம். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை. அவற்றை மேலும் சுருக்கச் சொல்லிச் செயலியை வாட்டாமல், சுருக்காமல் கட்டும் முறையில் ஒரே மூட்டையாக்கினால் போதும். நான்கு கம்பி மட்டும் கிரிம்ப் செய்த கேபிளையோ, 100 மெகாபிட் போர்ட்டையோ மாற்றினால் கேபிளின் வேகம் பத்து மடங்காகும். எல்லாம் நியாயம். ஆனால் பெட்டியை விற்றவர்கள், அதை ‘இசட் டிரைவ்’ என்று கணினியில் காட்டி, உங்கள் சொந்த டிஸ்க் போலவே புழங்கலாம் என்று சொல்லித்தானே விற்றார்கள்? சொந்த டிஸ்க்கில் ஜிப்பைப் பிரிக்கிறவர் வலது கிளிக் செய்வார். இங்கேயும் அதைத்தான் செய்தார். தூரத்தை மறைத்து விற்றுவிட்டு, தூரம் தெரியவில்லையா என்று கேட்பது என்ன நியாயம்?

வீட்டுக்கு வீடு கேபிளும் கணினியும் வேறு, பொதுவாக அளக்க முடியாது என்பது அடுத்த தடை. ஃபிரிட்ஜுக்கு 2006 முதல் நட்சத்திரம் ஒட்டுகிறார்களே, பந்தல்குடிச் சித்திரை வெயிலில் கதவை எத்தனை முறை திறப்போம் என்று எங்களைக் கேட்டுவிட்டா ஒட்டினார்கள்? எல்லோருக்கும் ஒரே சோதனைக்கூட நிலை, ஒப்பிட அது போதும். உங்கள் வேலை பாதுகாப்பு மட்டுமே, வேகம் இல்லை என்று கோப்பை மூடவும் முடியாது. சீலிங் ஃபேனுக்கான உங்கள் ஐ.எஸ். 374 தரம், ஃபேன் எவ்வளவு காற்று வீச வேண்டும் என்று அளவு சொல்கிறது. விழாத ஃபேன் மட்டும் போதாது, காற்றும் வர வேண்டும் என்று கேட்கத் தெரிந்த அமைவனம், பெட்டியிடம் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஏப்ரலே சாட்சி. நாஸ் பெட்டிக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில டிஸ்க்குகள் எஸ்.எம்.ஆர். வகை என்று, பயனர்கள் தோண்டித் துருவிய பிறகே நிறுவனம் ஒப்புக்கொண்டது. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும்படி எழுதும் முறை அது. ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். பொடிக் கோப்புகள் சரமாரியாக வந்தால் மூச்சு வாங்கும். எது எந்த வகை என்பதை வெளியிட்டார்கள். வழக்குகள் கிளம்பின. பிறகு ரெட் தனி, ரெட் பிளஸ் தனி என்று பெயரையும் பிரித்தார்கள். அட்டையில் அச்சிட இடமில்லை என்ற சாக்கு அன்றோடு போயிற்று.

ஆகவே அட்டையில் மூன்று எண்கள் மட்டும் போதும்: ஒரே பெரிய கோப்பை எழுத ஆகும் நேரம், 20,000 பொடிக் கோப்புகள் கொண்ட ஒரு ஜிப்பைக் கேபிள் வழியே பிரிக்க ஆகும் நேரம், அதே ஜிப்பைப் பெட்டிக்குள்ளேயே பிரிக்க ஆகும் நேரம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே வாங்குகிறவர் வலது கிளிக்குக்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பார். நிறுவனங்கள் எதிர்த்தால், கோடு நகர்வதற்குள் ஆட்சேபத்தைத் தாக்கல் செய்யுமாறு அவகாசம் கொடுங்கள், தாராளமாக இருக்கும்.

இணைப்பு: கணக்கீட்டுத் தாள் ஒன்று, காகிதத்தில். எல்லாவற்றையும் ஜிப் செய்து மின்னஞ்சலில் அனுப்புமாறு தங்கள் அலுவலகம் திருப்பி எழுதாது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
பந்தல்குடி நுகர்வோர்