தம்ளர் சோதனை

கேள்வி: எங்கள் பழைய வீட்டு மேல்மாடி பலகைத் தளம். அதில் பிளைவுட் அடித்து டைல்ஸ் பதிக்கலாம் என்கிறார் மேசன் பாஸ். நம்பலாமா?
- வாசகர், ரத்தோட்டை

பதில்: பாஸை நம்புங்கள், பலகையை நம்பாதீர்கள். பக்கத்து அலுவிகாரையில் திரிபிடகத்தை எழுதிய பிக்குகளுக்கு இந்தத் தலைவலி இல்லை; காலுக்குக் கீழே முழுப் பாறை. உங்களுக்கோ நடந்தால் தாளம் போடும் மரம்.

தம்ளர் நிறையத் தண்ணீரைத் தரையில் வைத்து, வீட்டிலேயே கனத்த ஆளைப் பக்கத்தில் நடக்கச் சொல்லுங்கள். (மாமா என்றால் காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள்.) தளும்பினால், டைல்ஸுக்கு வைத்த காசில் முதலில் அடியில் தாங்கும் மரங்களைப் பலப்படுத்துங்கள். 12 அடி மரம் பாரத்தில் 0.4 அங்குலத்துக்கு மேல் தொய்யக் கூடாது என்பது டைல்ஸ்காரர் கணக்கு.

பிளைவுட்டுக்கு ஆணி வேண்டாம், ஸ்குரூ போடுங்கள். ஆணி மெல்லக் கழன்று இரவில் கிறீச்சிடும், பிள்ளைகள் பேய் என்பார்கள். பிளைவுட் தகடுகளுக்கு நடுவே 1/8 அங்குல இடைவெளி விடுங்கள். நக்கிள்ஸ் மலைப்பக்க மழை ஈரத்தில் மரம் ஊதும். அதன்மேல் சீமெந்து போர்ட், பிறகுதான் டைல்ஸ் பசை.

"பிரச்சினை இல்லை ஐயா" என்று பாஸ் சிரித்தால், தம்ளர் பக்கத்தில் அவரையே நடக்க விடுங்கள்.